மாமா என்மேல் வைத்த ஓனஸ்

என் தங்கையின் தாலியை ஒரு தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு, அவளுடைய கல்யாண மண்டபத்தை விட்டு நான் வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். அவள் மணமேடையில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். தாலி மட்டும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பெரிய சாலையில், பூக்கடைகளைத் தாண்டி, ரயில் நிலையத்துப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

(திருடிக்கொண்டு போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் வேலை வரலாறு தெரிந்தவர்கள் எதையும் நினைப்பார்கள்.)

உண்மையில் அன்றைக்கு இருந்ததுபோல நான் பொறுப்பாக இருந்ததே இல்லை. வந்த வினை அத்தனையும் அந்தப் பொறுப்பால் வந்தது. அந்தப் பொறுப்போ ஓர் ஆங்கிலச் சொல்லால் வந்தது.

நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்பா லோரியிலிருந்து விழுந்து முதுகு போய்ப் படுத்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கப் போனார். தங்கை புவனா நன்றாகப் படித்தாள், நான் நன்றாகப் படிக்கவில்லை. யார் வேலைக்குப் போவது என்று வீட்டில் யாரும் கூடிப் பேசவேண்டியிருக்கவில்லை. காஜாங்கில் சத்தே கடையில் தட்டு கழுவினேன். கார் கழுவினேன். கையுறைத் தொழிற்சாலையில் நின்றேன். சில மாதம் கிள்ளானில் ஒரு டயர்க் கடையின் மாடியில் படுத்துக்கொண்டு பார்சல் கொண்டு கொடுத்தேன். சட்டையெல்லாம் ரப்பர் வாடை. மற்றபடி நல்ல காற்றோட்டமான இடம். எந்த வேலையிலும் வேர் பிடிக்கவில்லை. பாதி வேலைகளை நான் விட்டேன், பாதி வேலைகள் என்னை விட்டன.

இப்படிப்பட்ட ஒருவனிடம் சொந்தக்காரர்கள் எதையும் நம்பிக் கொடுக்கமாட்டார்கள் அல்லவா? எங்கள் குடும்ப விசேஷங்களில் எனக்கு நிரந்தர வேலை நாற்காலி அடுக்குவது. நாற்காலி உடையாது, தொலையாது, அதைத் தூக்கிக்கொண்டு நான் ஜொகூர் பக்கம் ஓடிவிடவும் முடியாது.

புவனாவின் கல்யாணத்துக்கு முன்பு அம்மாவின் அடுக்குமாடி வீட்டில் ஒரு கூட்டம் நடந்தது. தலைமை செல்வநாயகம் மாமா, அம்மாவின் அண்ணன். வக்கீல் ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்போர் சங்கம், கோயில் கமிட்டி, செத்த வீடு, எங்கே நாலு பேர் கூடினாலும் மாமா செயலாளராகிவிடுவார். யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்து, "முரளி, நீ நாற்காலி" என்றார்.

"அண்ணன் தாலித் தட்டை எடுத்துக்கிட்டுப் போகட்டும் மாமா" என்றாள் புவனா.

மாமா பேனாவை மூடினார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தாலி கட்டுவதற்கு முன்னால், அதைத் தட்டில் வைத்துச் சபையில் கொண்டுபோவார்கள். பெரியவர்கள் தொட்டுக் கும்பிட்டு ஆசீர்வாதம் செய்வார்கள். அது எங்கள் வீட்டில் மாமா செய்கிற வேலை. மாமா அதைச் செய்யும்போது பட்டுச் சால்வை போட்டுக்கொள்வார், போட்டோக்காரரைப் பார்த்தபடியே நடப்பார்.

"உங்கண்ணனா?" என்றார் மாமா.

"எங்கண்ணன்தான். எனக்கு இருக்கிறதே ஒருத்தன்தானே."

"போன தீபாவளிக்குக் கேக் வாங்கப் போனவன், பொங்கலுக்குத்தான் வந்தான்."

"கேக்கோடதானே வந்தான்?" என்றாள் புவனா.

(அது வேறு கேக். அதை நான் சொல்லவில்லை.)

மாமா ஆட்காட்டி விரலைத் தூக்கினார். அவர் விரலைத் தூக்கினால் ஆங்கிலம் வரும். "ஓகே. ஆனா ஒண்ணு. சபையில ஒரு பெரியவங்ககூட விட்டுப்போகக் கூடாது. விட்டுப்போச்சுன்னா காலத்துக்கும் பேசுவாங்க. தி ஓனஸ் இஸ் ஆன் யூ."

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆட்டிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் தேடினேன். ஓனஸ் என்றால் பொறுப்பு, சுமை, ஒரு காரியத்தை முடித்தே ஆகவேண்டிய கடமை என்று போட்டிருந்தது. வழக்கு மன்றத்தில் நிரூபிக்கவேண்டிய பாரத்துக்கும் இதுதான் சொல்லாம். உதாரண வாக்கியங்களைப் படித்தேன். 'ஓனஸ் வீட்டுக்காரர்மேல் இருக்கிறது.' 'ஓனஸ் ஓட்டுநர்மேல் இருக்கிறது.' எங்கே பார்த்தாலும் அது யார்மேலாவது ஏறி உட்கார்ந்திருந்தது. தரையில் சும்மா கிடக்கும் ஓனஸ் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

சொல் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. என்மேல் அதுவரை வந்து விழுந்ததெல்லாம் வேறு மாதிரிச் சொற்கள். 'உன் வேலை', 'உன் தப்பு', 'உன் பாடு'. ஓனஸ் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்த சொல்லாக இருந்தது. அந்த வாரம் முழுக்க அதைப் பயன்படுத்திப் பார்த்தேன். பேருந்து ஓட்டுகிற மலாய்க்காரரிடம் சொன்னேன், முடி வெட்டுகிறவரிடம் சொன்னேன். மாமாக் கடையில் (என் மாமாவுடையது இல்லை, தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்கு இங்கே அதுதான் பெயர்) தேநீர் சொல்லும்போது, "அண்ணே, சூடா இருக்கணும், ஓனஸ் உங்கமேல" என்றேன். ராமநாதபுரத்திலிருந்து வந்து அங்கே வேலை செய்யும் அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் போடறதில்லண்ணே. இஞ்சி வேணா போட்டுத் தரவா?" என்றார்.

இன்னொன்றையும் அந்த வாரத்தில் கவனித்தேன். சாப்பாடு குறைந்தால் ஓனஸ் சமையல்காரர்மேல் என்றார் மாமா. பூ வாடினால் பூக்காரர்மேல். லிஃப்ட் பழுதாகிக் கிடப்பதால் ஓனஸ் மண்டபத்துக்காரர்மேல். அது எத்தனையோ பேர்மேல் ஏறி இறங்கியது. மாமாமேல் மட்டும் ஏறவில்லை. சொல்கிறவர்மேல் ஏறாது போலிருக்கிறது, அதன் குணமே அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணம் ஒரு வெள்ளிக்கிழமை, பொது விடுமுறை நாள். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் தாலி ஏறிவிடவேண்டும். அம்மா இதைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தனியாக மூன்று தடவை சொன்னார்.

பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, தலையில் மாமா கட்டிவிட்ட தலைப்பாகை. வேட்டியில் பை இல்லாததால் கைப்பேசியை அம்மாவின் கைப்பையில் போட்டுவிட்டேன். வெள்ளித் தட்டு நிறைய மஞ்சள் அரிசி, பூ, மஞ்சள் கிழங்கு. நடுவில் மஞ்சள் பூசிய தேங்காய். அதன்மேல் மாலைபோல் போட்டிருந்தது தாலி. ஐயர் என் கையில் கொடுத்து, "சீக்கிரம் வந்துருங்க தம்பி" என்றார்.

மற்ற வீடுகளில் இதை எப்படிச் செய்வார்கள் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. முன்வரிசைகளில் நாலு பெரியவர்களிடம் காட்டிவிட்டு, பின்னால் இருப்பவர்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுத் திரும்பிவிடுவார்கள். நாதஸ்வரக்காரர் ஒரு பாட்டை முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். எனக்குத் தெரிந்ததோ பார்சல் வேலை. அதில் ஒரு வீட்டை விட்டாலும் சாயங்காலம் பதில் சொல்லவேண்டும். கதவைத் திறக்காவிட்டால் திறக்கும்வரை தட்டவேண்டும்.

ஆகவே தட்டினேன். முன்வரிசை, நடுவரிசை, கடைசி வரிசை. தூங்கிக்கொண்டிருந்த ஒரு தாத்தாவை எழுப்பினேன். பிறகு கீழே முதல் மாடியில் சாப்பாட்டுக் கூடம். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்பே பாதிச் சபை பசியாறப் போய்விடும். அங்கே எல்லார் கையிலும் சட்னி.

"ஐயோ தம்பி, கை எச்சி. கழுவிட்டு வரேன்" என்றார் ஓர் ஆன்டி.

"பரவால்ல ஆன்டி, நிக்கிறேன்."

நின்றேன். அவர் கழுவிவிட்டு வந்தார். அடுத்தவரும் கழுவப் போனார். கை கழுவும் இடத்தில் வரிசை பிடித்தது. சமையல் அறைக்குள்ளும் போனேன். நெய் மணக்க நின்றிருந்த சமையல்காரர் கும்பிட்டுவிட்டு, "இத்தனை வருஷத்துல இங்க எவனும் தட்டைக் கொண்டு வந்ததில்ல லா" என்று கண்கலங்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓனஸ் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

மாடிப்படி ஏறப் போகும்போது ஓர் அத்தை தடுத்தார். "டெங்கில் பெரியப்பாகிட்ட காட்டினியா?"

அப்பாவின் அண்ணன், டெங்கில் என்ற ஊர்க்காரர். எங்கள் பக்கத்தில் அவரைவிடப் பெரியவர் கிடையாது. முழங்கால் வலியால் படி ஏற முடியாது. லிஃப்ட் சரியாகும்வரை காரிலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். விட்டுப்போகக் கூடாத பெரியவர் என்று ஒருவர் உண்டென்றால் அது இவர்தான். வாசலுக்கு ஓடினேன். கார் இல்லை.

"இங்க நிறுத்தக் கூடாதுன்னு சொன்னாங்க, ஸ்டேஷன் பக்கம் போச்சு" என்றார் வாசலில் நின்ற காவலாளி.

இப்படித்தான் தாலியோடு சாலையில் இறங்கினேன். இறங்கியபிறகுதான் பிரிக்பீல்ட்ஸ்காரர்களைப் பற்றி ஒன்று தெரிந்தது. தாலித் தட்டு கண்ணில் பட்டால் அவர்கள் சும்மா விடமாட்டார்கள். பூக்கட்டும் அக்கா ஊசியை நூலில் தொங்கவிட்டு எழுந்து வந்து தொட்டுக் கும்பிட்டார். பலகாரக் கடைக்காரர் கடையை விட்டு ஓடிவந்தார். கண் தெரியாத ஒரு மசாஜ்காரர், "யாருக்குப்பா கல்யாணம்?" என்று கேட்டு, தேங்காயைத் தடவிப் பார்த்து, "நல்லா இருக்கட்டும்" என்றார். பூட்டுக்கடைச் சீன அங்கிள் எல்லாரும் தொடுகிறார்களே என்று தானும் தொட்டார். இரண்டு வெள்ளைக்காரர்கள் படம் எடுத்தார்கள். யாரையும் தள்ளிவிட்டுப் போக மனம் வரவில்லை. அவர்களும் பெரியவர்கள்தானே?

ஒருவழியாக மஞ்சள் கோட்டின்மேல் நின்ற காரைக் கண்டுபிடித்தேன். ஓட்டுநர் இருக்கையில் பெரியப்பாவின் மகன் குணா. பின்னால் பெரியப்பா. ஏறி உட்கார்ந்து தட்டை நீட்டினேன். பெரியப்பா தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர். "உங்கப்பன் இருந்து பாத்திருக்கணும்" என்றார். எனக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் குணா கத்தினான்.

"லோரி வருது! இழுத்துக்கிட்டுப் போயிருவான்!"

தப்பான இடத்தில் நிற்கும் கார்களைத் தூக்கிப்போகும் லோரி. குணா காரைக் கிளப்பிவிட்டான். பிரிக்பீல்ட்ஸில் பாதிச் சாலைகள் ஒருவழிப் பாதை. ஒரு திருப்பத்தை விட்டால் அடுத்த திருப்பம் உங்களைக் கேட்காமலே உங்களை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடும். குணா ஒன்றை விட்டான். பதற்றத்தில் இன்னொன்றையும் விட்டான். நான் தலை நிமிர்ந்து பார்த்தபோது கூட்டரசு நெடுஞ்சாலையில் பெட்டாலிங் ஜெயாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். விடுமுறை நாள் நெரிசல். தூறல் வேறு. சற்று நேரத்தில் கார் அப்படியே நின்றுவிட்டது.

"மண்டபத்துக்குப் போன் போடு" என்றேன்.

"யாரும் எடுக்க மாட்றாங்க. மேளச் சத்தத்துல எங்க கேக்கும்?"

"எத்தனை மணி?"

சொன்னான். புவனா முகம் கண்முன்னால் வந்தது. அவள் இத்தனை வருஷத்தில் என்னை நம்பி ஒன்று கொடுத்திருக்கிறாள், அதை நான் நெடுஞ்சாலையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு மேம்பாலம். அதன் அடியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். சாப்பாடு கொண்டு கொடுக்கும் ஓர் இளைஞன் மழைச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தான். இறங்கி ஓடி எனக்குத் தெரிந்த மலாயிலெல்லாம் கெஞ்சினேன். அவன் என் தலைப்பாகையையும் பட்டு வேட்டியையும் மேலும் கீழும் பார்த்தான்.

"காவின்?" என்றான். கல்யாணமா என்று கேட்கிறான்.

"அடெக்" என்றேன். தங்கை.

அவ்வளவுதான். சாப்பாட்டுப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு தலைக்கவசத்தை எடுத்தான். அவன் மனைவியுடையது. ரோஸ் நிறம், பக்கத்தில் பூனைப் படம். தலைப்பாகையோடு அது தலையில் இறங்கவில்லை. தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு காருக்கு ஓடினேன்.

"குடு, நான் கட்டித் தரேன்" என்று துணியை வாங்கிக்கொண்டார் பெரியப்பா. நான் வேட்டியை மடித்துக் கட்டித் தலைக்கவசத்தை மாட்டுவதற்குள் தட்டை அந்தத் துணியால் சுற்றி ஓர் அரிசிகூடச் சிந்தாதபடி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். அந்தக் காலத்தில் மீன் கூடை கட்டியவர்.

"தாலி பத்திரமா இருக்கா பெரியப்பா?"

"பத்திரமா இருக்கு. நீ போ."

ஹஃபீஸ் (அந்த இளைஞனின் பெயர் அதுதான்) மோட்டார் சைக்கிள்களுக்கென்று இருக்கிற தனிப் பாதையில் புகுந்தான். சாலைக்கு அடியில் போகும் ஒரு சுரங்கத்தில் நுழைந்து, மறுபக்கம் ஏறி, கோலாலம்பூர் பக்கம் திரும்பினான். மடியில் தட்டு, முகத்தில் மழை, முதுகுக்குப் பின்னால் யாரோ பசியோடு காத்திருக்கும் நாசி லெமாக். நான் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். ஹஃபீஸும் அவன் பக்கத்தில் கூப்பிட்டிருப்பான் என்று நினைக்கிறேன், அவன் ஓட்டிய வேகம் அப்படி.

மண்டபத்தில் அந்த நேரம் என்ன நடந்தது என்பதை அம்மா பிறகு சொன்னார். என்னைத் தேடி ஆள் போயிருக்கிறது. சமையல் அறைவரை தடம் கிடைத்திருக்கிறது, அதற்கப்புறம் இல்லை. ஐயர் கடிகாரத்தைப் பார்த்து, மஞ்சள் கயிற்றில் மஞ்சளைக் கோத்துக் கட்டிவிடலாம், சாத்திரத்தில் இடம் உண்டு என்றிருக்கிறார். மாமா உடனே சரி என்றிருக்கிறார்.

"வேணாம். எங்கண்ணன் வருவான்" என்று சொல்லியிருக்கிறாள் புவனா.

"எப்படிம்மா வருவான்?"

"கேக்கோட வந்தான்ல."

நான் வந்தேன். மூன்று மூன்று படியாகத் தாவி ஏறி, மண்டபத்தின் நடுவழியில் ஓடினேன். தலையில் இன்னும் பூனைத் தலைக்கவசம். வேட்டி முழங்காலுக்குமேல். முன்வரிசையில் இருந்து மாமா எழுந்து கையைத் தூக்கி, "வந்துட்டான்! வந்துட்டான்!" என்று கத்தினார்.

தவில்காரர் ரொம்ப நேரமாக அந்த ஒரு கைக்காகக் காத்திருந்தவர். கை தூக்கியதும் கெட்டி மேளம் கொட்டிவிட்டார். கெட்டி மேளம் கேட்டால் சபை என்ன செய்யும்? எல்லாரும் எழுந்து மஞ்சள் அரிசியை வீசினார்கள். வழி நெடுக என்மேல் விழுந்தது. தலைக்கவசத்தில் மழை மாதிரிச் சடசடவென்று கேட்டது. அழுதுகொண்டே போட்டார்கள், கைதட்டிக்கொண்டே போட்டார்கள். போட்டோக்காரர் என்னைப் படம் எடுத்தார். வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஒரு மண்டபமே எழுந்து நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான். நின்றது.

மேடையில் தட்டை வைத்தேன். ஐயர் முடிச்சை அவிழ்த்தார். லேசில் அவிழவில்லை. மேளம் நிற்காமல் கொட்டியது. மாப்பிள்ளை இரண்டு கையையும் நீட்டித் தயாராக இருந்தார். துணி விலகியது.

தேங்காய் இருந்தது. அரிசி இருந்தது. மஞ்சள் இருந்தது. தாலி இல்லை.

ஐயர் தேங்காயைத் தூக்கி அடியில் பார்த்தார். மாப்பிள்ளை துணியை உதறினார். தவில் ஒவ்வோர் அடியாகக் குறைந்து நின்றது. கடைசிப் பிடி அரிசியை யாரோ தாமதமாக வீசினார்கள், அது என் மூக்கில் பட்டது.

"எங்கடா?" என்றார் மாமா. விரல் மேலே போனது. "நான் அன்னிக்கே சொன்னேன். கிளியரா சொன்னேன். தி ஓனஸ் வாஸ் ஆன் ஹிம்!" இதைச் சபையைப் பார்த்துச் சொன்னார்.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. லிஃப்ட், ஒருவழிப் பாதை, இழுவை லோரி, கை கழுவப் போன ஆன்டி. புவனாவைப் பார்த்தேன். "ஆமா. ஓனஸ் என்மேலதான்" என்றேன்.

அந்தச் சொல்லை யாரும் தன்னைப் பார்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. மாமாவும் கேட்டதில்லை போலிருக்கிறது. தூக்கிய விரலை என்ன செய்வதென்று தெரியாமல் காதைச் சொறிந்துகொண்டார்.

புவனா என் தலைக்கவசத்தைப் பார்த்தாள். அதிலிருந்த பூனையைப் பார்த்தாள். பூனையின் காதுமேல் அரிசி. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார்.

"ஐயரே, மஞ்சளையே கட்டுங்க" என்றாள். "அண்ணன் வந்துட்டான்ல, அது போதும்."

ஐயர் என் தட்டிலிருந்தே ஒரு கிழங்கை எடுத்தார். பூக்கட்டும் அக்காவிலிருந்து பூட்டுக்கடை அங்கிள்வரை தொட்டு வாழ்த்திய மஞ்சள். தவில்காரர் இந்தத் தடவை தாலிக்கயிறு கண்ணில் படும்வரை காத்திருந்து கொட்டினார். பத்தரைக்குக் கொஞ்சம் முன்னால் என் தங்கைக்குக் கல்யாணம் ஆனது. ஹஃபீஸ் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு நாசி லெமாக் கொடுக்கப் போனான்.

பெரியப்பா வந்தபோது எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். இறக்கியதும் சட்டைப் பையின் பித்தானைக் கழற்றி, கண்ணாடி, ரயில் அட்டை, இருமல் மிட்டாய், எல்லாவற்றையும் மேசைமேல் வைத்தார். கடைசியில் தாலி.

"மோட்டார்ல தங்கத்தைக் கொண்டு போறதா? பறிச்சிக்கிட்டுப் போயிருவானுங்க. அதான் நான் வச்சிக்கிட்டேன். பத்திரமா இருக்குன்னு இவன்கிட்டயும் சொன்னேனே" என்றார். குரலில் அவ்வளவு பெருமை.

சாப்பாட்டு இலைக்கு முன்னால் ஒரு விசாரணையே நடந்தது. பெரியப்பா ஓனஸை வழிப்பறித் திருடர்கள்மேல் போட்டார். குணா இழுவை லோரிமேல் போட்டான். அத்தை லிஃப்ட்மேல் போட்டார். மாமா, "டெக்னிக்கலா பாத்தா ஓனஸ் மண்டபத்துக்காரர்மேல" என்று முடித்துவிட்டு, ரசம் கேட்டார்.

ராகு காலம் கழிந்து, தங்கத் தாலியையும் கட்டினார்கள். அதற்கும் மேளம். மாப்பிள்ளை (இப்போது என் மச்சான்) அன்றைய கணக்கை இன்றுவரை மாற்றவில்லை. முதல் கெட்டி மேளம் தேங்காய்க்கு. ஆகவே தேங்காய்தான் மூத்த சம்சாரம், புவனா இளையவள். வீட்டில் புவனா சட்னிக்குத் தேங்காய் உடைத்தால், "பாத்து உடை, உனக்கு அக்கா முறை" என்பார். அவர்கள் பிள்ளைகள் என்னிடம் வந்து, "மாமா, பெரியம்மாவை எந்தச் சந்தையில வாங்கினீங்க?" என்று கேட்கிறார்கள். கல்யாண ஆல்பத்தில் முதல் பக்கப் படம் பூனைத் தலைக்கவசத்தோடு நான். எவ்வளவு கெஞ்சியும் எடுக்கமாட்டேன் என்கிறாள் புவனா.

அன்றைக்கு எல்லாரும் கிளம்பும் நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா என்னிடம் வந்தார். தெலுக் பங்லிமா காராங்கில் கோழி முட்டை மொத்த வியாபாரம் செய்பவர். அதிகம் பேசாதவர். அன்று முழுக்க அவர் பேசி நான் கேட்கவில்லை.

"அந்த மழையில மோட்டார்ல வந்திருக்க. தட்டுல ஓர் அரிசி சிந்தல" என்றார்.

"ஆமா அங்கிள்."

(முடிச்சு பெரியப்பா போட்டது என்று நான் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.)

"இப்ப வேலை எங்க?"

"இப்ப ஒண்ணும் இல்ல அங்கிள்."

"நாளைக்குக் காலையில வா. முட்டை லோரிக்கு ஆள் வேணும்."

மறுநாள் விடியும்போது போனேன். கிட்டங்கிக்கு முன்னால் லோரி பின்கதவு திறந்து நின்றது. உள்ளே கூரைவரை முட்டை அட்டைகள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வேலைக்குச் சேர்ந்த இடத்திலெல்லாம் முதல் நாள் ஒரு பேச்சு இருக்கும். உடைந்தால் யார் பொறுப்பு, காணாமல் போனால் யார் தலையில் விழும் என்று ஒருவர் விரலைத் தூக்குவார். கேட்டுத் தலையாட்டத் தயாராக இருந்தேன்.

அவர் அட்டை அடுக்கின் ஒரு பக்கத்தில் கை கொடுத்தார்.

"அந்தப் பக்கம் பிடி" என்றார். "மெதுவா லா."

பிடித்தேன்.